ஹாலித்தின் ஓட்டைக்காசு

கொழுக்கட்டை நிலத்தில் விழுந்தால் 'பொத்' என்று விழவேண்டும். மகேந்திரராஜாவின் ஒரே மகள் சியாமளாவின் தலையில் கொட்டிய பல்லுக்கொழுக்கட்டைகளில் ஒன்று பாயைத் தாண்டி உருண்டு, பலகை நிலத்தில் முட்டி, 'கிண்' என்றது.

வந்திருந்தவர்கள் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அந்தச் சத்தத்தைக் கவனிக்கவில்லை. மகேந்திரராஜா கவனித்தார். பழைய வெள்ளி மரத்தில் விழுகிற சத்தம் அவருக்குப் பெற்ற பிள்ளையின் அழுகையைவிட நன்றாகப் பழக்கம்.

குனிந்து எடுத்தார். முதற்பல்லு முளைத்த பிள்ளையின் தலையில் கொட்டுகிற கொழுக்கட்டைக்கு, விளிம்பில் தேங்காயைப் பல்லுப்போலச் சீவிப் பதிப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். இதில் தேங்காய் இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய வெள்ளி வட்டம் ஒன்று பாதி புதைந்து நின்றது. வட்டத்தில் அரபு எழுத்து.

"அன்ரி, இதென்ன இது?"

யோகராணி அன்ரி குசினி வாசலில் நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மெல்பேர்ணின் புறநகரான நோபல் பார்க்கில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பலகாரம் என்றால் அவர்தான் மேலதிகாரி. அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

"நீர் எஞ்சினியர் எண்டதைக் காட்டிப்போட்டீர் தம்பி! தேங்காய் அழுகிப்போச்சு, பல்லுக்கு என்ன செய்யிறதெண்டு நான் தலையிலை கை வைச்சுக்கொண்டு நிக்கிறன், நீர் சத்தம் போடாமல் வெள்ளியிலை பல்லு வெட்டி, எலுமிச்சம்புளியிலை ஊறப் போட்டு வைச்சிருக்கிறீர். எங்கடை ஊரிலைகூட ஆரும் இப்பிடிச் செய்யேல்லை."

"எல்லாத்தையும் வைச்சிட்டீங்களோ?"

"கோப்பையிலை கிடந்த அவ்வளவும். தலையிலை கொட்டினது போக, வெள்ளிப் பல்லு வைச்சதெல்லாம் வந்த சனத்துக்குப் பார்சல் கட்டிப்போட்டன். மங்கலமான சாமான், வீட்டை கொண்டு போகட்டும்."

மகேந்திரராஜா வாசலைப் பார்த்தார். முந்திப் புறப்பட்ட நண்பர் விக்னராஜா குடும்பத்தின் கார் பின்னுக்கு வந்து தெருவில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்கண்ணாடி வழியே விக்னராஜாவின் மனைவி சத்தியபாமா கையசைத்தாள். அந்தக் கையில் பார்சல் இருந்தது.

அது எழுபத்தாறாம் ஆண்டு. மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்தார் கொஞ்சப் பேர்தான். அவர்கள் ஆளாளுக்கு வீடு சேர்த்தார்கள், பட்டம் சேர்த்தார்கள், ஊரில் இருந்த தங்கச்சிமாருக்குச் சீதனம் சேர்த்தார்கள். மகேந்திரராஜா ஒருவர்தான் ஒட்டோமான் சுல்தான்களின் சில்லறையைச் சேர்த்தார். அக்சே என்று பெயர். சின்னவிரல் நகத்தளவு இருக்கும், ஊதினால் பறக்கும். அந்த எழுத்தில் ஒன்றுகூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் உருவத்தைப் பார்த்து இது சுலைமான், இது செலிம் என்று சொல்லிவிடுவார். இந்தக் கெட்டித்தனத்தால் உலகத்தில் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவருடைய மனைவி சந்திரவதனாவின் கட்சி.

கோப்பையில் கிடந்தவை அவருடைய சொந்தக் காசுகள் மட்டும் என்றால் அவர் ஒரு மூச்சு அழுதுவிட்டு ஆறியிருப்பார். ஒன்று இரவல். டண்டினோங்கில் அவர் வேலை செய்த கார்ப்பாகத் தொழிற்சாலையில் ஹாலித் என்ற துருக்கிக்காரர் இருந்தார். அவருடைய தாய் கல்யாணத்துக்கு முன் மருதாணி போடுகிற நாளில் முக்காட்டில் தைத்திருந்த காசு அது. தைப்பதற்காக ஓர் ஓட்டை போட்டிருந்தது. பிறகு ஹாலித்தின் மனைவி அதே காசைத் தைத்தாள். வருகிற சனிக்கிழமை மகள் எமினேக்கு மருதாணி. காசு எந்த ஊரில் அடித்தது என்று கண்டுபிடிக்கிறேன், ஒரு நாலைந்து நாள் தாருங்கள் என்று கெஞ்சி வாங்கி வந்தவர் மகேந்திரராஜாதான்.

வாங்கிவந்த வியாழக்கிழமை பின்னேரமே மேசையில் தாளை விரித்து, காசின்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தார். சந்திரவதனாவுக்குக் குசினியில் வேலை. பிள்ளை அவர் மடியில். அவள் வந்து பார்த்துவிட்டுப் பத்திரகாளியானாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையின்ரை புதுச் சட்டை முழுக்கப் பென்சில் கரி! இதை ஆர் தோய்க்கிறது? உங்கடை சுல்தான் வந்து தோய்ப்பாரோ?"

அந்த நேரம் பார்த்து விக்னராஜா ரெலிபோன் எடுத்தார். விக்னராஜாவின் ரெலிபோன் என்றால் சுருக்கமாக முடியாது. மகேந்திரராஜா ஒரு கையால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மற்றக் கையால் மேசையில் கிடந்ததை எல்லாம் வழித்து, காசுகள் போட்டுவைக்கிற பழைய புகையிலைத் தகரப் பேணிக்குள் தள்ளிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வீடு தலைகீழானது. சந்திரவதனா பிள்ளைக்கு றஸ்க் கரைத்துத் தீத்தும்போது கரண்டி வாய்க்குள் 'டிங்' என்றது. பல்லு! பிள்ளையோ வாயைத் திறந்து காட்டமாட்டேன் என்று அலறியது. யோகராணி அன்ரியைக் கூப்பிட்டார்கள். அன்ரி கை கழுவி, விரலை உள்ளே விட்டுத் தடவி, முகம் கறுத்தார்.

"பல்லுத்தான். கல்லுமாதிரிக் கிடக்கு. ஆனால் மேலை எல்லோ முளைச்சிருக்கு."

மேல்பல்லு முந்தி முளைத்தால் தாய்மாமனுக்குக் கூடாது. தாய்மாமன் இந்திரகுமார் கிளேற்றனில் தனி அறை எடுத்து இருந்தான். செய்தி கேட்ட கையோடு வந்து இறங்கினான். வருகிற வழியில் கார்ச் சில்லுக்குக் காற்றுப் போயிருந்தது.

"தொடங்கிட்டுது அத்தான்," என்றான்.

கொழுக்கட்டையை உடனே கொட்டினால் தோஷம் தணியும் என்று அன்ரி தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் வைத்தார்கள். சனிக்கிழமை முழுக்க மகேந்திரராஜாவும் மைத்துனனும் டண்டினோங் சந்தையில் தேங்காய் தேடினார்கள். கடைசியில் ஒரே ஒரு தேங்காய் அகப்பட்டது. அலுத்துக் களைத்து வந்து, புகையிலைப் பேணியைக் கோப்பைக்குள் அப்படியே கவிழ்த்து, காசுகள் வெளுக்கட்டும் என்று எலுமிச்சம்புளியை ஊற்றிவிட்டுப் படுத்தார். ஞாயிறு காலை தேங்காயை உடைத்தபோது உள்ளே நாற்றம்தான் இருந்தது. பக்கத்தில் கோப்பை இருந்தது. மிச்சத்தை அன்ரி பார்த்துக்கொண்டார்.

"குடுத்த பார்சலுகளைத் திருப்பிக் கேட்டு வாங்க வேண்டியதுதானே?" என்று மகேந்திரராஜா பறந்தார்.

"பிள்ளையின்ரை பல்லுக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? வேறை வினை வேண்டாம் தம்பி," என்றார் அன்ரி.

"அத்தான், கேக்காதேங்கோ," என்றான் இந்திரகுமார். அவனுக்கு உயிர் பெரிது.

கேட்கவும் கூடாது, விடவும் முடியாது. மகேந்திரராஜா யோசித்தார். யோசித்தபோதெல்லாம் அவருக்குக் கெட்டகாலம்தான். ஒருவரும் கொழுக்கட்டையைச் சாப்பிடாமல் வைத்திருந்தால் போதும், மெல்லப் போய் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு விக்னராஜாவுக்கு ரெலிபோன் எடுத்தார்.

"விக்னா, அந்தக் கொழுக்கட்டையைச் சாப்பிடாதையும். மா கொஞ்சம் பழுது போலை கிடக்கு. அப்பிடியே வைச்சிரும், நான் வந்து எடுக்கிறன்."

அந்தப் பக்கம் ஒரு ஏப்பம் கேட்டது.

"மகேன், நான் வாற வழியிலையே ஏழு சாப்பிட்டனான்."

"ஏழோ? கடிச்சோ, முழுங்கியோ?"

"அதென்ன கேள்வி? எனக்கு இப்ப ஒரு மாதிரி வருது. போனை வை."

விக்னராஜா போனை வைத்தார். ஆனால் அடுத்த நிமிடமே திரும்ப எடுத்தார். மகேந்திரராஜா வீட்டுக் கொழுக்கட்டையில் நஞ்சு என்று ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் கட்டிலில் போய்ச் சாய்ந்தார். பொழுது சாய்வதற்குள் வெள்ளிப் பல்லுக் கொழுக்கட்டைகள் எல்லாம் ஊர்க் குப்பைவாளிகளுக்குள் போய்விட்டன.

கடைசியாகச் செய்தி யோகராணி அன்ரியின் காதுக்கும் போனது. மா அவர் வறுத்த மா.

"என்ரை மாவையோ பழுதெண்டு சொன்னனீர்?" என்று வாசலில் நின்றே கேட்டார். "நாலு ஊருக்கு மா வறுத்துக் குடுத்த கை இது. இனி உம்மடை வீட்டுப் படி மிதியேன்." மா அரிக்கிற அரிதட்டையும் அவிக்கிற நீத்துப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார். சந்திரவதனா அன்றைக்கு முழுக்கக் கணவனோடு கதைக்கவில்லை. மகேந்திரராஜாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை, ஏனென்றால் அவர் குப்பைவண்டி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, இந்திரகுமாரையும் ஏற்றிக்கொண்டு குப்பைவண்டிக்கு முன்னால் ஓடினார். குப்பைக்காரர்கள் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். இவர்கள் அவர்களுக்கு முந்தி ஒவ்வொரு வாளியாகத் திறந்து, வாழைப்பழத் தோலுக்கும் தேயிலைச் சக்கைக்கும் நடுவில் கொழுக்கட்டையைத் தேடிப் பிய்த்தார்கள். மகேந்திரராஜா அலுவலகத்துக் கழுத்துப்பட்டியோடு இருந்தார். அதைக் கழற்றினால் மரியாதை போய்விடும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

ஸ்பிறிங்வேலில் ஒரு வீட்டுக்குப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா தேடுகிறீர்கள்?"

"பல்லு," என்று மகேந்திரராஜா உண்மையைச் சொன்னார்.

கிழவி அவரையும் கழுத்துப்பட்டியையும் இந்திரகுமாரின் கையில் இருந்த பிய்ந்த கொழுக்கட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போனாள். ஒரு தட்டில் ஆட்டிறைச்சியும் அவித்த உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வேலிமேல் வைத்தாள். "புதிதாக வந்தவர்களுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்து சாப்பிடுங்கள். குப்பையிலே மட்டும் எடுக்காதீர்கள்," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

இந்திரகுமார் சாப்பிட்டான். காலமை ஒன்றும் சாப்பிடாமல் வந்தவன். கடைசி வாளியின் மூடியில் விரல் வெட்டியபோது, "பாத்தீங்களோ, மேல்பல்லு," என்றான்.

சொந்தக் காசுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சுலைமான் வந்தார், செலிம் வந்தார், முராத் முட்டைக்கோதுக்குள் இருந்து வந்தார். அவருடையதில் ஒன்று குறைந்தது. ஹாலித்தின் ஓட்டைக்காசும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்துக்கொண்டிருந்தபோது சத்தியபாமாவின் ரெலிபோன் வந்தது. விக்னராஜாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எக்ஸ்றேயில் வயிற்றுக்குள் ஏதோ வட்டமாகத் தெரிகிறதாம்.

மகேந்திரராஜா ஈரத் தலையோடு ஓடினார். நோயாளி கட்டிலில் கிடந்து முனகினார். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்பெலும்புக்கு மேலே வட்டமாக, பளிச்சென்று ஒரு பொட்டு. அந்த அறையில் சந்தோஷப்பட்டவர் மகேந்திரராஜா ஒருவர்தான்.

"டொக்டர், தயவுசெய்து சொல்லுங்கள். நடுவில் ஓட்டை தெரிகிறதா?"

"மன்னிக்கவேண்டும், நீங்கள் நோயாளிக்கு என்ன உறவு?"

"மகேன்," என்று விக்னராஜா பலவீனமான குரலில் கேட்டார். "உனக்கு என்னிலை கவலையோ, அதிலை கவலையோ?"

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். மகேந்திரராஜா கொஞ்சம் தாமதித்துவிட்டார். பன்னிரண்டு வருட நட்பு அந்தத் தாமதத்தில் போனது.

பயப்பட ஒன்றுமில்லை, வருகிற வழியில் வரட்டும் என்று டொக்டர் அனுப்பிவிட்டார். மகேந்திரராஜா இரண்டு நாள் தவம் கிடந்தார். வேலைத்தலத்தில் ஹாலித்தைக் கண்டால் கக்கூசுக்குள் ஒளித்தார். புதன்கிழமை சத்தியபாமா படலைக்கு வெளியே நின்றபடி ஒரு நெருப்புப்பெட்டியைக் கை நீட்டிக் கொடுத்தாள். முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"அவர் சொல்லச் சொன்னவர், இனி எங்கடை வீட்டுக்கு வரவேண்டாமாம்."

மகேந்திரராஜா பெட்டியைத் திறந்தார். சுத்தமாகக் கழுவி, பஞ்சில் வைத்திருந்தார்கள். ஓட்டை இல்லை. அவருடைய சொந்தக் காசு. இரண்டாம் செலிம்.

படலையடியிலேயே அவர் குந்திவிட்டார். அழுகிப்போன தேங்காய், கோபித்துக்கொண்ட அன்ரி, போன நண்பன், எல்லாவற்றையும் தாங்கலாம். மருதாணி போட இருக்கிற ஒரு பெண்ணின் முக்காட்டில் அவளுடைய அப்பாச்சியின் காசு இருக்கப்போவதில்லை. அதற்குக் காரணம் அவர்.

உள்ளே பிள்ளை அழுதது. நாலைந்து நாளாக அதே அழுகைதான். வாயிலிருந்து வாணி வடிந்து வடிந்து சட்டையெல்லாம் ஈரம். கரண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பியது.

"இஞ்சேருங்கோ, பிள்ளையைக் கிளினிக்கிலை இருக்கிற நேர்ஸ் சிஸ்டரிட்டைக் காட்டுவம். பால் மட்டும்தான் குடிக்குது," என்றாள் சந்திரவதனா.

"பல்லு முளைச்சால் எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தான். முதல்லை நான் இந்தக் காசைக் கண்டுபிடிக்கோணும். வேறை ஒண்டும் என்னட்டைக் கேக்காதை."

"உங்களுக்குக் காசு பெரிசோ, பிள்ளை பெரிசோ?"

இந்த முறை அவர் தாமதிக்கவில்லை. "பிள்ளை," என்றார். சொல்லிவிட்டுக் காசைத் தேடக் கட்டிலுக்குக் கீழே புகுந்தார்.

காசு கிடைக்கவில்லை. வியாழக்கிழமை காலை அவருக்கு ஒரு யோசனை வந்தது. தன்னுடைய காசுகளில் ஒன்றுக்கு ஓட்டை போட்டு ஹாலித்திடம் கொடுத்துவிடலாம். நகத்தளவு காசு, தேய்ந்த எழுத்து, ஆருக்குத் தெரியப்போகிறது? காசுகளோடு வேலைக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்து, ஆளில்லாத பட்டறையில் துளை போடுகிற மெசினுக்கு முன்னால் நின்றார். உருவத்தில் ஹாலித்தின் காசுக்குக் கிட்ட வந்தது அவருடைய ஆகச் சிறந்த காசு, சுலைமான். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

சுலைமான் இரண்டாகப் பிளந்து போனார். நானூறு வருடம் சண்டை, சந்தை, தேங்காயில்லாத கொழுக்கட்டை எல்லாவற்றையும் தாண்டி வந்த காசு மகேந்திரராஜாவின் கையில் முடிந்தது. அவர் இரண்டு துண்டையும் கைக்குட்டையில் பொதிந்து மேல்பையில் வைத்தார். அடுத்ததாக இரண்டாம் செலிமை எடுத்தார். விக்னராஜாவின் குடலைத் தாண்டியவர் இதையும் தாண்டினார். ஓட்டை அழகாக விழுந்தது.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அதைக் கையில் பொத்திக்கொண்டு ஹாலித்தின் மெசினுக்குப் போனார். ஹாலித் அவரைக் கண்டதும் மெசினை நிறுத்தினார். பெரிய மீசை, பெரிய கை.

"மிஸ்டர் ராஜா! உங்களைத்தான் தேடினேன். என் மனைவி சிவப்பு நூல் வாங்கி வைத்துவிட்டாள். எமினே கண்ணாடிக்கு முன்னால் முக்காட்டைப் போட்டுப் பார்க்கிறாள். காசு எங்கே என்று கேட்கிறாள். நான் சொன்னேன், கவலைப்படாதே, என் தம்பியிடம் பத்திரமாக இருக்கிறது என்று."

மகேந்திரராஜா பொத்திய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இந்தத் தொழிற்சாலையில் என் சாப்பாட்டுப் பெட்டியைக்கூட நான் ஒருவரிடமும் கொடுப்பதில்லை," என்றார் ஹாலித். "என் அம்மாவின் காசை உங்களிடம் கொடுத்தேன். சனிக்கிழமை குடும்பத்தோடு வாருங்கள். எமினேக்குக் காசைத் தைக்கும்போது நீங்களும் பக்கத்தில் நிற்கவேண்டும்."

தம்பி என்ற சொல்லை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் மகேந்திரராஜா கையை நீட்டியிருப்பார். நீட்ட முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை.

"நாளைக்கு," என்றார். "நாளைக்குக் கட்டாயம்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. நாளைக்கு என்ற சாட்டும் அன்றோடு முடிந்தது. சந்திரவதனா உடுத்து, பிள்ளைக்கு உடுப்பாட்டி, வாசலில் நின்றாள். கையில் அவருடைய காசுப்பேணி.

"இண்டைக்குப் பிள்ளையைச் சிஸ்டரிட்டைக் கொண்டு போகேல்லையெண்டால் இதை அப்பிடியே கிறீக்குத் தண்ணியிலை எறிஞ்சுபோட்டுத்தான் மற்ற வேலை."

அவருக்கும் வேலைக்குப் போகாமல் இருக்க ஒரு சாட்டு வேண்டியிருந்தது. ஒரு தகப்பனுக்குப் பிள்ளையைக் காட்டப் போவதற்கு இதைவிடக் கேவலமான காரணம் இருக்கமுடியாது என்று அவருக்கே பட்டது. இந்திரகுமாரும் வந்து காரில் ஏறினான். அவனுக்குப் பல்லைப் பற்றிப் படித்த ஒருவரிடம் நேரடியாக விசாரிக்கவேண்டும்.

குழந்தை நலன் நிலையம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. சிஸ்டர் டொயில் தடித்த, நரைத்த மனுசி. அரை நூற்றாண்டுப் பிள்ளைகளைக் கண்டவர் என்று பார்த்தவுடன் தெரியும். பிள்ளையை நிறுத்தார். நிறை குறைந்திருந்தது. முகம் சுளித்தார்.

"மேல்பல்லு முளைத்த நாளிலிருந்து சாப்பிடுகிறாளில்லை, சிஸ்டர்," என்றாள் சந்திரவதனா. குரல் உடைந்தது.

"சிஸ்டர், ஒரு சந்தேகம்," என்று இந்திரகுமார் முன்னுக்கு வந்தான். வெட்டுக்காயத்தில் கட்டியிருந்த துணியோடு விரலைத் தூக்கிக் காட்டினான். "மேல்பல்லு முந்தி முளைத்தால் மாமனுக்கு எவ்வளவு காலத்துக்கு ஆபத்து?"

சிஸ்டர் மூலையைக் கைகாட்டினார். "நீங்கள் அந்தக் கதிரையில் இருங்கள்," என்றார்.

மகேந்திரராஜா யன்னலடியில் நின்றார். மேல்பையில் பிளந்த சுலைமான், கால்சட்டைப் பையில் ஓட்டை போட்ட செலிம். இரண்டாலும் பிரயோசனம் இல்லை. இங்கிருந்து நேரே தொழிற்சாலைக்குப் போய் ஹாலித்தின் முன்னால் நின்று, உங்கள் அம்மாவின் காசைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லப்போகிறார். ஹாலித் அடித்தால் நல்லது. அடிக்காமல் சரி தம்பி என்று சொல்லிவிட்டு மெசின் பக்கம் திரும்பிவிட்டால் என்ன செய்வது? அதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இனி வாழ்க்கையில் காசு சேர்ப்பதில்லை, முத்திரைகூடச் சேர்ப்பதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்தார். கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்க வெளியே நின்ற மரத்தைப் பார்த்தார்.

பின்னால் பிள்ளை வீரிட்டது. சிஸ்டர் ஒரு கையால் அதன் தாடையைப் பிடித்து, ரோர்ச்சை வாய்க்குள் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரோர்ச்சை வைத்துவிட்டுச் இடுக்கி மாதிரியான சின்னச் சாவணத்தை எடுத்தார்.

"ஐயோ சிஸ்டர், பல்லைப் பிடுங்காதேங்கோ!" என்று சந்திரவதனா தமிழில் கத்தினாள்.

பிள்ளை ஒரு தரம் கமறிற்று. அழுகை அப்படியே நின்றது. ஒரு கிழமைக்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு முதல்தரம் அமைதி கிடைத்தது. பிள்ளை எல்லாரையும் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது.

சிஸ்டர் சாவணத்தோடு யன்னல் வெளிச்சத்துக்கு வந்தார். மகேந்திரராஜாவுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடியை மாட்டி, சாவணத்தின் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு பல்லும் முளைக்கவில்லை, மிஸ்டர் ராஜா," என்றார். "ஓட்டை விழுந்த பல்லு எத்தனையோ பார்த்திருக்கிறேன், அரபு எழுத்து உள்ள பல்லை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."